தெளிந்த குப்பி

காய்ச்சலில் கிடந்த தனிஸ்லாஸ், ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் குப்பியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டான்.

"தெர்மாமீட்டர் எதுக்கு? இந்த எண்ணெய்க்குள்ள தண்ணி ஒளிஞ்சிருக்கு எப்சி. சோப்புதான் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. சூடு கூடினா கலங்கிடும். ரொம்பக் கொறஞ்சாலும்..."

"பேசினது போதும், படுங்க," என்றாள் மனைவி எப்சிபா.

அவன் விரல்களை விலக்கிப் பார்த்தாள். குப்பி பால் போலக் கலங்கியிருந்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டாள். போட்ட நிமிடமே துணி கொதித்தது. நனைத்து நனைத்துப் போட்டாள். மதியம் மழை பிடித்தபோது குப்பி தெளிந்து, அதன் வழியே அவன் கைரேகை தெரிந்தது. "எறங்கிடுச்சு!" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். கட்டிலோரம் தலை சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது மழை விட்டிருந்தது. அவன் கண்மூடிக் கிடந்தான். மூடிய விரல்கள் எளிதில் விலகவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே குப்பி மறுபடி பால் போலக் கலங்கியிருந்தது.

"பாழாப்போன காய்ச்சல், திரும்ப வந்துடுச்சு பாருங்க," என்று திட்டிக்கொண்டே துணியை நனைத்து அவன் நெற்றியில் போட்டாள். சூடேறியதும் எடுத்து நனைக்க வேண்டும் என்று, துணிமேல் கையை வைத்துக் காத்திருந்தாள்.

துணி சில்லென்றே இருந்தது.