ஹூயாவின் நாலு சொட்டு

மகள் ஹூயா பிறந்த மறுநாள் குதிகாலில் குத்தி, நாலு சொட்டு ரத்தம் ஒரு காகித அட்டையில் எடுத்தார்கள். பரிசோதனை முடிந்தும் அட்டையை அரசாங்கமே வைத்துக்கொள்ளும் என்றார்கள். எழுதிக் கேட்டுத் திரும்ப வாங்கினேன். மரவாடிக்கு லீவு போட்டு, எங்கள் குல வழக்கப்படி அவள் நஞ்சுக்கொடி புதைத்த இடத்திலேயே அதையும் புதைத்தேன்.

நேற்று ஆக்லாந்திலிருந்து தபாலில் இன்னொரு அட்டை வந்தது. அதே எண், அதே பெயர். குழந்தையின் எடை என்ற இடத்தில் மட்டும் அறுபத்திநாலு கிலோ.

"உங்கம்மாவப் புடிச்சுக் குத்திட்டாங்க போல," என்று மனைவி நைரி சிரித்தாள். "எதுக்கும் தோண்டிப் பாருய்யா."

தோண்டினேன். பழையது அங்கேயே இருந்தது. மூன்றரை கிலோ.

"எல்லாத்தையும் வாங்கியாச்சுன்னு நெனச்சேனே, நைரி."

புதியதில் ரத்தம் எடுத்த தேதியை இலக்கம் இலக்கமாகப் படித்தேன். அந்த நாள் வர இன்னும் இருபது வருடம் இருக்கிறது.

தொட்டிலில் ஹூயா காலை உதைத்துக்கொண்டிருந்தாள். புதிய அட்டையின் ஈரம் என் கட்டைவிரலில் சிவப்பாக ஒட்டியது.