கண் நிற்கும் இடம்

செழியன் தன் கம்ப்யூட்டருக்கு வாங்கிய புதிய கிராபிக்ஸ் கார்டு வீணாக உழைக்காது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண் எங்கே நிற்கிறது என்று மானிட்டர் அதற்குச் சொல்லும். அந்த இடத்தை மட்டும் கார்டு துல்லியமாக வரையும். மற்றதெல்லாம் மங்கலாக இருக்கும்.

அன்று அவன் தங்கள் கல்யாண வீடியோவைப் போட்டான். மனைவி வான்மதி பின்னால் நின்று பார்த்தாள். மணமேடையில் அவள் முகம் மங்கலாகக் கிடந்தது. ஓரத்தில் நின்ற ஒருத்தியின் மூக்குத்திகூடப் பளிச்சென்று தெரிந்தது.

“யாருங்க அது, பச்சைப் புடவை?”

“ஷர்மிளா. கூட வேலை பார்த்தவ. சும்மா பார்த்தேன்.”

“எந்திரிங்க. நான் பார்க்கறேன்.”

அவள் உட்கார்ந்து, முதலிலிருந்து ஓட்டினாள். தாலி கட்டும் நேரம் வந்தது. இப்போதும் ஷர்மிளாதான் தெளிவாகத் தெரிந்தாள். தாலி கட்டியவன் வெறும் வெள்ளைத் தீற்றலாக இருந்தான்.

பின்னாலிருந்து செழியன் மெதுவாகக் கேட்டான்:

“நீயும் என்னைப் பார்க்கலையே, மதி?”