காற்று வரும் பக்கம்

இன்றைக்கு ஏரிக்காற்று வேட்டைப் பரண் பக்கமிருந்து வருகிறது, மான் இப்போது நின்றுவிடும் என்று ஐலி நினைத்தாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பனியில் மேய்ந்துகொண்டு வந்த பெண்மான் அப்படியே நின்றது. மூக்கைத் தூக்கியது. முன்காலால் தரையைத் தட்டியது. பிறகு சீறிவிட்டு வந்த வழியே ஓடியது. மனித வாடை பட்டால் மான் செய்வது அதுதான்.

மரத்தில் கட்டிய அந்தப் பரணில் யாரும் இல்லை. அதில் உட்கார்ந்து வேட்டையாடிய அவள் கணவன் எய்னோ இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

"பாத்தீங்களா அண்ணி?" என்றான் வேட்டைக்கு வந்திருந்த கொழுந்தன் ரூடி. "வாசனையில்லாத சோப்பு போட்டுக் குளிச்சேன். என் பொண்டாட்டிக்கே என்னை அடையாளம் தெரியல."

"அது உன்னை மோந்து ஓடல."

"தெரியுது. அண்ணன் செத்தும் என்னைச் சுட விடமாட்டேங்கிறான். பரணைப் பிரிச்சுப் போட்டுடுறேன். உங்க ஃப்ரீசர்ல ஒரு துண்டு கறி இல்லையே."

எய்னோவின் சட்டைகளை அவள் இன்னும் துவைக்கவில்லை. போன வசந்தத்திலிருந்து, முகம் புதைத்தாலும் அவற்றில் அவன் வாடை இல்லை, வெறும் துணி வாடைதான் வருகிறது.

ரூடி சுத்தியலோடு எழுந்தான். ஐலி அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

"பரண் அப்படியே இருக்கட்டும் ரூடி" என்றாள்.