பேட்டுக்கோழியின் வயிறு

கோழி உரித்தபோது பங்குக் கிணற்றடியில் இருந்தவர்கள் நாலு பேர்: அரியரத்தினம், அவர் மனைவி சிவகங்கை, பக்கத்து வளவுப் புனிதவதி, பிள்ளை பெற்று இருபது நாளான அவள் மகள் தயாளினி.

சண்டையால் சாமான் கப்பல் வராத மாதங்கள் அவை. மகளுக்கு முட்டை கொடுக்கவென்றே புனிதவதி அந்தப் பேட்டுக்கோழியை வளர்த்தாள். அது இடுகிறதாகத் தெரியவில்லை. "தின்னுறதுக்கு மட்டும் வாய்" என்று ஏசி, பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக்கறிக்காவது ஆகட்டுமென்று கழுத்தைத் திருகிவிட்டாள்.

வயிற்றைக் கீறியதும் அவள் கை நின்றது. உள்ளே மஞ்சள் கருக்கள் பெரிதும் சிறிதுமாகக் கோத்துக் கிடந்தன. கடைசியில் ஓடு கட்டிய முழு முட்டை ஒன்று.

"ஐயோ அண்ணை, இது நெடுக இட்டிருக்கு! எங்கை இட்டதோ?"

சிவகங்கை நிலத்தைப் பார்த்தாள்.

அயல் கோழி தம் வளவில் இட்டால் முட்டையைத் திருப்பிக் கொடுப்பது அரியரத்தினம் குடும்பத்து வழக்கம். அவர் தகப்பன் ஒன்றைக்கூட வைத்துக்கொண்டதில்லை. தம் வளவு விறகு அடுக்குக்குப் பின்னால் கண்ட முதல் முட்டையை அவரும் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தார். அன்று வீட்டில் வெறும் சோறுதான். மறுநாளும் ஒன்று கிடந்தது.

"அண்ணை, ஒருக்கால் தேடித் தாறீங்களோ?"

இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். தயாளினி பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்து போனாள்.

"தேடுவம் பிள்ளை," என்றார். தடியை எடுத்துக்கொண்டு, முதுகு வளையாமல், புனிதவதியின் வளவில் பற்றை பற்றையாக விலக்கிப் பார்த்தார்.

முட்டைகளைக் கீரி குடித்துவிட்டது என்றுதான் ஊரில் பேச்சு. கீரி குடிக்கவில்லை.