அண்ணன் வேஷம்

காகம் ஒரு நாடகத்தை எழுதிக்கொண்டு பெரிய நடிகரான சேவலிடம் போனது. குப்பைமேட்டுச் சேவலோடு ஓடிப்போன வெடைக்கோழியை அண்ணனே கொத்திக் கொல்கிற கதை. அந்தத் தோப்பில் நிஜமாகவே நடந்தது. செத்தவளுக்குத் தோப்பெல்லாம் அண்ணன்கள். கொன்றது யாரென்று மட்டும் எவனும் வாய் திறக்கவில்லை.

"கதை பிரமாதம்," என்றது சேவல். "ஆனா கொலைகாரனா நான் வந்தா என் ரசிகருங்க தாங்க மாட்டாங்க. எங்க ஆளுங்க வேற கொடி பிடிப்பாங்க. கொன்னது பருந்துன்னு மாத்திடு. பருந்தை நான் பறந்து பறந்து அடிக்கிறேன்."

காகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தங்கச்சிக்காக உயிரை விடுற அண்ணனா எத்தனை மேடையில அழுதிருக்கே! ஒருத்தி செத்ததை உள்ளபடி சொல்ல உனக்கு நெஞ்சில்லையா?"

"இமேஜ்னு ஒண்ணு இருக்குல்ல?" சேவல் கொண்டையைச் சிலுப்பிக்கொண்டது.

மற்ற சேவல்களும் அதே பாட்டைத்தான் பாடின. கடைசியில் காகமே ஒரு செம்பருத்தியைக் கொண்டையாகச் சொருகிக்கொண்டு மேடை ஏறியது. முன்வரிசையில், தலைமை விருந்தினராக, அந்தச் சேவல்.

கொலைக் காட்சி வந்தது. கோழி வேஷம் போட்ட புறாவின் முதுகில் காகம் கொத்தியது. சேவலுக்குப் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்தது.

"நடிப்பாய்யா இது? முதுகுல கொத்தினா எவ சாவா? முதல்ல கழுத்தை மிதிக்கணும். அதனாலதான் அவ கத்தவே இல்ல!"

தோப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

காகம் தலையிலிருந்த பூவைப் பிடுங்கிச் சேவலின் முகத்தில் எறிந்தது.

"ஏறி வாடா மேலே! இந்த வேஷத்தை உன்னைத் தவிர எவன் போடுவான்?"