ஆறு மாதப் பச்சை

டிசம்பர் 11, புதன்.

இன்றைய பிழை: காலை ஏழு மணி அளவைச் சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

முதலில் பிழை, பிறகு நடந்தது, கடைசியில் நாளைய வேலை. ஆய்வக உதவியாளருக்கான மாலை வகுப்பில் நாட்குறிப்பை இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

காற்றில் தூசி 212. வரம்பு நூறு. வரம்பைத் தாண்டிய எண்ணைப் பதிவேட்டில் சிவப்பில் எழுத வேண்டும், தாண்டாததை நீலத்தில். இரண்டு வருடமாகக் கை அப்படியே பழகிவிட்டது.

ஆனால் இன்று முதல் வரம்பு நூறு இல்லை. இருநூற்று ஐம்பது.

நான் வேலை செய்யும் உருக்காலையின் தூசி வடிகட்டி பழுது. அதைச் சரிசெய்யும்வரை ஆலையை நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. மேலிடத்திலிருந்து உத்தரவு வாங்கிவந்தார்கள். ஆறு மாதத்துக்குத் தற்காலிகத் தளர்வு.

வடிகட்டியைவிட வரம்பைச் சரிசெய்வது எளிது.

உத்தரவின் நகல் என் மேசையில் இருக்கிறது. 'இதனால் பொதுமக்களுக்குப் பாதிப்பு இருக்காது' என்று ஒரு வரி. நகல் பெறுவோர் பட்டியலில் எட்டு அலுவலகங்கள். அவற்றில் ஒன்றுகூட ஆலைக்கு மேற்கே இல்லை. இந்த மாதம் புகை மேற்கேதான் போகும்.

ஏழேகாலுக்கு இன்ஜினியர் வரதராஜுலு அளவீட்டு அறைக்குள் வந்தார். கையில் லட்டுப் பெட்டி. பதிவேட்டைப் பார்த்தார்.

"என்னம்மா, வரம்பே மாறியாச்சு. நீ மட்டும் இன்னும் சிவப்புலயே இருக்க? அந்தப் பக்கத்தக் கிழிச்சிட்டு நீலத்துல எழுது."

கிழித்தேன். எழுதினேன். எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன். 212.

நீலத்தில் அது சாதுவாக இருந்தது.

பிறகு கேட் போர்டை மாற்றச் சொன்னார். ஆலையின் வாசலில், ஊருக்குத் தெரியும்படி வைத்த பெரிய மின்பலகை. தூசி வரம்பைத் தாண்டினால் சிவப்பில் எரியும். தாண்டாவிட்டால் பச்சை. வரம்பை மாற்றுவது என் கணினியிலிருந்துதான்.

நூறை அழித்தேன். இரண்டு, ஐந்து, சுழி.

சன்னல் வழியே பார்த்தேன். போர்டு பச்சையானது.

எதிரே டீக்கடையின் தகரக் கூரை கறுப்பாகவே இருந்தது.

இன்ஜினியர் பெட்டியைத் திறந்தார். நான் ஒன்று எடுத்ததும் படக்கென்று மூடினார்.

"தூசி விழுந்துடும்" என்றார்.

இதையும் எழுத வேண்டும்: அந்த லட்டைத் தின்றேன்.

எட்டு மணிக்கு வாசல் போர்டுக்கு முன்னால் தேசம்மாள் மகளோடு வந்து நின்றாள். தினமும் வருவாள். ஏழு வயது மகள் மோனிஷாவுக்கு இளைப்பு. பள்ளிக்கூடம் ஆலைக்கு மேற்கே, மதிலை ஒட்டியே நடந்து போக வேண்டும். தேசம்மாளுக்கு எண் வாசிக்கத் தெரியாது. நிறம் தெரியும். போர்டு சிவப்பாக இருந்தால் பிள்ளையைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிப் போவாள். பச்சையாக இருந்தால் கையை விடுவாள்.

யாரும் சொல்லித் தரவில்லை. அவளே கண்டுபிடித்த முறை.

இன்று போர்டைப் பார்த்தாள். மகளின் சீருடைக் காலரைச் சரிசெய்தாள்.

கையை விட்டாள்.

நான் எழுந்தேன். சன்னல் மூடியிருந்தது. திறந்து கூப்பிட்டிருக்கலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். 250 என்பது உத்தரவுப்படி சரியான எண்தானே என்றும் யோசித்தேன்.

உட்கார்ந்து ஏழு மணி அளவை மூன்றாவது முறை சரிபார்த்தேன்.

மாலை ஐந்து மணி. வகுப்புக்குப் போகும் வழியில் அரசு ஆரம்பச் சுகாதார நிலையம். வாசல் பெஞ்சில் தேசம்மாள் இருந்தாள். மடியில் மோனிஷா. முகத்தில் மருந்துப்புகை வரும் மாஸ்க். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது.

பதினொரு மணிக்கு டீச்சர் வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்களாம்.

"பச்சைதாம்மா எரிஞ்சுது. நல்லா பாத்துட்டுத்தான் உட்டேன்" என்றாள் தேசம்மாள். என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல. "நீ உள்ளதான வேலை செய்யுற. நீயே சொல்லு. பச்சைதான?"

"பச்சைதான்க்கா."

"அப்ப நான் குடுத்த இட்லிதான் ஒத்துக்கல போல."

வகுப்புக்குப் போகவில்லை. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். ஆறரைக்குக் கழுத்துக் குழி அடங்கியது. மாஸ்க்கை எடுத்தார்கள். நாளைக்கும் பரீட்சை இருக்கிறது என்று மோனிஷா சொன்னாள்.

"நாளைலேர்ந்து போர்டப் பாக்காதக்கா" என்றேன். "அதுக்குப் பக்கத்துல ஒரு சன்னல் இருக்குல்ல, அதைப் பாரு."

"சன்னல்ல இன்னா கீது?"

"துணி காயும். துணி தொங்குச்சுன்னா பிள்ளைய அனுப்பாத."

அவள் மகளின் மாஸ்க் பட்டை பதிந்த கன்னத்தைத் தேய்த்துவிட்டாள்.

"இட்லி இல்லியா அப்போ" என்றாள்.

வீட்டுக்கு வந்து இந்தப் பக்கத்தின் முதல் வரியை அடித்துவிட்டேன்.

இன்றைய பிழை: போர்டில் எண்ணை மாற்றியது நான்.

அளவீட்டு அறைச் சுவரில் பணியாளர் விதிகள் ஒட்டியிருக்கின்றன. ஒன்பதாவது விதி: சன்னல் கம்பியில் துணி உலர்த்தக் கூடாது. மீறினால் வேலை போகும்.

அதை ஆறு மாதத்துக்குத் தளர்த்திக்கொள்கிறேன். தற்காலிகமாகத்தான். இதனால் ஆலைக்குப் பாதிப்பு இருக்காது.

நாளைய வேலை: ஏழு மணி அளவு எடுக்க வேண்டும். நீலத்தில் எழுத வேண்டும். சிவப்புத் துப்பட்டாவை நனைத்து எடுத்துப் போக வேண்டும்.