பந்தியில் திறந்த டப்பா

பிரியாணி வாளி பக்கத்தில் வந்ததும் அம்பிகா இலையின் மேல் கையைக் குறுக்கே நீட்டினாள்.

பிறகு பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். தினைச்சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், குழம்போடு இரண்டு மத்தி மீன்.

செந்துறை மண்டபத்தில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அத்தைக்காரியே பந்தியில் தன் வீட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

அண்ணி கலைமணி வேகமாக வந்தாள்.

“ஏன்டி, எங்க வூட்டு சோத்துல வெஷமா வச்சிருக்கோம்? ஒங்கண்ணன் ஒடம்புக்கு முடியாம கெடக்கறப்ப, ஒனக்கு எளைச்சு அழகு பாக்கணுமாக்கும்!”

அம்பிகாவுக்கு முகம் சுட்டது.

“கோவிச்சுக்காதீங்க அண்ணி” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

கோடையில் தொடங்கியது இது. டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். பஜ்ஜி, பரோட்டா பக்கம் திரும்பவில்லை. கீரையும் மீனும் கொய்யாவும்தான். விடியுமுன் ஏரிக்கரையில் வேகமாக நடப்பாள். சீரியல் முடியும்வரை காத்திராமல் தூங்கப் போய்விடுவாள்.

காலையில் மடக்க முடியாமல் வீங்கிக் கிடந்த விரல்கள் மடங்கின. முழங்கால் வலி குறைந்தது. சந்தோஷம்தான். ஆனால் அது போதும் என்று அவள் விட்டுவிடவில்லை.

ஜாங்கிரித் தட்டு எதிரில் போனபோது இன்றைக்கும் நாக்கு ஊறத்தான் செய்தது. தண்ணீரைக் குடித்தாள்.

கை கழுவும் இடத்தில் போன் அடித்தது. திருச்சி டாக்டர்.

“ஈரல்ல கொழுப்பும் வீக்கமும் நல்லா கொறஞ்சிடுச்சும்மா. இப்ப ஒரு பகுதி எடுத்து உங்க அண்ணனுக்கு வைக்கலாம். இன்னும் சம்மதந்தானே?”

“அதுக்குத்தானே டாக்டர் இவ்ளோவும்? நாளைக்கே வரேங்க.”

முதலில் பரிசோதித்தபோது அவள் ஈரல் தேறாது, வீக்கம் குறைந்தால் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதுவரை வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாமென்று அம்பிகாதான் கேட்டுக்கொண்டாள்.

அண்ணி தன் ஈரல் புருஷனுக்குச் சேராது என்று தெரிந்த அன்று, ஆஸ்பத்திரித் தரையில் சரிந்து அழுததை அம்பிகா பார்த்திருந்தாள். இன்னொரு முறை ஆசை காட்டிவிட்டுக் கையை விரிக்க அவளால் முடியாது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

கூட்டத்தில் அண்ணியைத் தேடினாள்.